மான் பண்ணைக்கு ஒரு நாலு சக்கர பைக்

பண்ணைக்கு ஒரு வண்டி தேர்ந்தெடுக்க வரச் சொன்ன மாமாவின் கடிதத்தில் ‘கால்நடைப் பண்ணை’ என்றுதான் இருந்தது. நான் மாடு என்று எடுத்துக்கொண்டேன். கோயம்புத்தூரில் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. மாடு மேய்க்கிற இடத்துக்கு எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று யோசிப்பது பெரிய விஷயமா? விமானம் கடலுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போதே இருபத்திரண்டு அம்சங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்பதையும் எழுதி முடித்துவிட்டேன்.

அந்தக் கரும்புத் தீவில் இறங்கிய அன்று மத்தியானமே, சேன் பியேர் என்ற ஊரில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பட்டியலை மாமாவிடம் நீட்டினேன். மாமா என்றால் அக்காவின் கணவர்; அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கட்டுரை நோட்டு திருத்துகிற நிதானத்தோடு கடைசி வரி வரை படித்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது அம்மிணி. ஆனா அங்க மாடு இல்லியே.”

“பின்ன?”

“மானு.”

“மானா!”

“நூத்திருவது மானு. அதுவும் கால்லதானே நடக்குது?”

நம் ஊரில் மானைத் தொட்டால் ஜெயில். இங்கே ஆள் உயரத்துக்கு மேல் வேலி கட்டி, ஆடு போல வளர்த்துக் கடற்கரை ஹோட்டல்களுக்குக் கறிக்கு அனுப்புகிறார்கள். அன்று சாயங்காலம் அக்கா ஒரு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். பண்ணையிலிருந்து வந்த கறி. மிளகும் தைம் இலையும் தூக்கலாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வன இலாகா ஜீப் எதுவும் நிற்கவில்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன். பிறகு சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை நானும் மாமாவும் பண்ணை இருக்கும் கான் தெ மாஸ்க்குக்குப் பஸ் ஏறினோம். பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால விடுமுறை. எனக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். ஆகஸ்டில் குளிர் என்பது நம்பச் சிரமமாக இருந்தாலும் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. இருபுறமும் கரும்பு, கரும்பு, மறுபடி கரும்பு. நடுநடுவே வயலிலிருந்து பொறுக்கிக் குவித்த கருங்கல் மேடுகள், கோபுரம் கட்ட வந்தவர்கள் பாதியில் விட்டுப் போனதுபோல.

வழியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் போன கரும்பு லாரி வளைவில் பாதிச் சுமையைச் சாலையில் கொட்டியிருந்தது. நம் ஊராக இருந்தால் ஒரு மணி நேரம் யார் குற்றம் என்று பேசியிருப்போம். இங்கே கண்டக்டர் முதலில் இறங்கினார், பின்னாலேயே பயணிகள் எல்லோரும். துணி ஆலைக்குப் போகிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கரும்பை இழுத்து ஓரத்தில் போட்டார்கள். நானும் இழுத்தேன். ஒருத்தி ஒரு துண்டை ஒடித்து என்னிடம் கொடுத்துவிட்டுத் தோழியிடம் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

“என்ன சொல்றாங்க மாமா?”

“‘இன்னிக்கு சூப்பர்வைசர் கத்தினா வாயில இத வெச்சு அடைச்சிரலாம்’ங்கறா.”

இந்த ஆலைகளும் ஹோட்டல்களும்தான் பண்ணையின் கஷ்டத்துக்குக் காரணம் என்பது போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பண்ணைக்காரி மதாம் வீராப்பெனுக்கு ஐம்பது வயது இருக்கும். காதில் முத்துத் தோடு, காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். என்னிடம் ஆங்கிலம், வேலையாளிடம் உள்ளூர்ப் பேச்சான கிரியோல், போனில் பிரெஞ்சு. தமிழ் கோயிலுக்கு மட்டும்.

“அஞ்சு பேர் இருந்தாங்க மாம்செல் சுதா. ரெண்டு பேர் துணி ஆலைக்குப் போயிட்டாங்க. ரெண்டு பேர் ஹோட்டல் தோட்டத்துக்கு. மிச்சம் இவர் ஒருத்தர்தான்.”

இவர் என்றது ரோலானை. ஒல்லியான, உயரமான ஆள், ஓலைத் தொப்பி, கழுத்தில் சிறிய சிலுவை. குடும்பப் பெயர் சின்னப்பென், தமிழ்ப் பெயர் பிரெஞ்சு உச்சரிப்பில் திரிந்தது. ஆனால் தமிழில் அவருக்கு நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. மழையில் கல் மேல் வழுக்கி விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டது. மேய்ச்சல் நிலம் முழுக்கச் சரிவும் கல்லும், டிராக்டர் நுழையாது. அதனால்தான் நாலு சக்கர பைக். மோட்டார் சைக்கிள் மாதிரி காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்து ஓட்டுகிற, பருத்த டயர் வைத்த சின்ன வண்டி. விற்பவர்கள் எல்லோரும் தங்கள் வண்டியே உசத்தி என்பதால், எதையும் விற்காத ஒருத்தியின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று மதாம் விரும்பியிருக்கிறார். மாமா என் பெயரைச் சொல்லியிருக்கிறார். டிக்கெட் வந்துவிட்டது.

மதாம் விஷயத்தை மறைக்கவில்லை. ரோலானை வைத்துக்கொண்டே சொன்னார்: “கறி வாங்குற ஹோட்டல்ல கேட் காவலுக்கு ஆள் கேக்கறாங்க. யூனிஃபார்ம், தொப்பி, உக்கார நாற்காலி, எல்லாம் உண்டு. சனிக்கிழமை நான் பதில் சொல்லணும். வண்டியில போய் இவர் மந்தையை ஒரு அடைப்புலருந்து இன்னொரு அடைப்புக்கு மாத்திட்டாருன்னா இங்கயே இருக்கட்டும். முடியலேன்னா அங்க போகட்டும். நான் மானை வித்துடறேன்.”

ரோலான் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டியபடி எதையோ முணுமுணுத்தார். மாமா எனக்காகத் தமிழாக்கினார்: “‘நாற்காலி எனக்கெதுக்கு? வீட்டுலயே நாலு கெடக்குது’ங்கறாரு.”

செவ்வாய்க்கிழமை வண்டி பார்க்கத் தலைநகர் போர்ட் லூயிக்குப் போனோம். சந்தைப் பக்கம் ஒருவர் சைக்கிள் பெட்டியில் வைத்து விற்ற தோல்பூரியை நின்றபடியே தின்றோம்: கடலைப்பருப்பு வைத்த மெல்லிய போளி, ஆனால் வெல்லம் இல்லை, உள்ளே குழம்பும் மிளகாய்ச் சட்னியும். என் ஸ்வெட்டர் கையில் குழம்பு வழிந்தது. அப்படியே விற்பனைக் கூடத்துக்குப் போனேன்.

விற்பனைக்காரர் ஜெரார் வாயோடு இரண்டு கைகளாலும் பேசினார். அவரிடம் மூன்று வண்டிகள் இருந்தன. கிட்டப் போய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். படத்திலும் கையேட்டிலும் மட்டுமே பார்த்திருந்த வண்டிகள்!

ஒன்று பழைய மூன்று சக்கர வண்டி, ஏதோ ஒரு கடற்கரை விடுதியில் சுற்றுலாக்காரர்கள் ஓட்டித் தேய்ந்தது. மூன்று சக்கரம் சரிவில் திரும்பினால் கவிழும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கூடத்துக்குப் பின்னால் இருந்த புல் சரிவில் ஓட்டிப் பார்த்தேன். கவிழ்ந்தது. நான் ஒரு பக்கம், என் செருப்பு ஒரு பக்கம்.

“அடி பட்டுச்சா அம்மிணி?”

“இல்லீங்க மாமா. ஒண்ணு குறைஞ்சுது, ரெண்டுதான் பாக்கி.” நோட்டை எடுத்து அதன் பெயரை அடித்தேன்.

இரண்டாவது, பெரிய சிவப்பு வண்டி. நாலு சக்கரத்துக்கும் விசை போகும். எஞ்சின் உறுமினால் கூடத்துக் கண்ணாடி அதிரும். மூன்றாவது, சின்னப் பச்சை வண்டி. பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை, சிவப்பில் பாதி அளவு எஞ்சின், பின்னால் அகலமான சுமைத் தட்டு. என் பட்டியல்படி சிவப்புக்கு நாற்பத்தொன்று, பச்சைக்கு இருபத்தொன்பது. சந்தேகத்துக்கே இடமில்லை. ஜெரார் எனக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் அலூதா வாங்கிக் கொடுத்தார். பாலும் சப்ஜா விதையும் கடல்பாசித் துருவலும் போட்டது. மதுரை ஜிகர்தண்டாவின் ஒன்றுவிட்ட தங்கை. வெற்றியைக் கொண்டாடுவதுபோல உறிஞ்சிக் குடித்தேன்.

புதன்கிழமை காலை சிவப்பு வண்டி பண்ணையில் இறங்கியது. ரோலான் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார், குதிரை வாங்குபவர்போல. ஓட்டக் கற்றுக்கொள்ள அவருக்கு அரை மணிதான் ஆனது. கியர் மாற்றுவதுதான் தொல்லை. கியர் இடது காலில். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்தார்.

என் பட்டியலில் ஏழாவது அம்சம், அதிக மதிப்பெண் உள்ளது: மந்தையைப் பின்னாலிருந்து ஓட்டும் வேகம். வெளிநாட்டுப் பண்ணைக் கையேடுகளில் அப்படித்தான் படம் இருக்கும். முன்னால் மந்தை, பின்னால் வண்டி, வண்டியில் கம்பீரமாக ஒருவர். அதையே செய்யச் சொன்னேன். மாமா மொழிபெயர்த்தார். ரோலான் என் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார்.

நூற்றிருபது மான்கள் சிதறுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. எஞ்சின் உறுமியதும் மந்தை நாலாபுறமும் தெறித்தது. ஒரு பெண்மான் நேரே வேலியில் போய் மோதி விழுந்து, எழுந்து, மூக்கில் ரத்தத்தோடு தடுமாறி ஓடியது. ரோலான் வண்டியை நிறுத்திவிட்டார். இறங்க முடியாமல் இறங்கி, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த மான் போன திசையிலேயே நொண்டி நொண்டி நடந்தார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

மதாம் மெதுவாகச் சொன்னார், “போதும். நான் ஹோட்டலுக்குப் போன் பண்ணிடறேன்.”

“சனிக்கிழமைன்னு சொன்னீங்க மதாம். இன்னிக்கு புதன்தான்.”

“மிச்ச நாள்ல என்ன மாறப்போகுது?”

“எனக்குத் தெரியல. தெரிஞ்சுட்டு வர்றேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சனிக்கிழமை காலை. அதுக்கு மேல இல்ல.”

திரும்பும் பஸ்ஸில் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒருவருடைய பிழைப்பைச் சோதனைக்கு வைத்துவிட்டு, சோதனையையே நான் தப்பாக நடத்தியிருந்தால்? டிராக்டர் சோதனையில் ஒரு விதி உண்டு: முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார், பிறகு இயந்திரத்தைப் பார். நான் ஆகாயத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டவள்.

வியாழன் விடிந்தும் விடியாமலும் மாமாவை இழுத்துக்கொண்டு மறுபடி பண்ணைக்குப் போனேன். வண்டி வேண்டாம், தினமும் செய்வதை இன்றைக்கும் செய்யுங்கள், நாங்கள் கூட நடக்கிறோம் என்று ரோலானிடம் சொன்னோம். அவர் கரும்புத் தோகை ஒரு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வெட்டுக் காலத்தில் வயலில் கழித்துப் போடுகிற பச்சைத் தலைப்பு; இங்கே மாட்டுக்கும் மானுக்கும் அதுதான் தீவனம். கையில் ஊன்றுகோல். கதவைத் திறந்து உள்ளே போய், மந்தைக்கு முதுகைக் காட்டி நின்று, தாழ்ந்த குரலில், “வினி, வினி, வினி” என்றார். வா, வா, வா.

பிறகு நடக்க ஆரம்பித்தார்.

முதலில் ஒரு வயதான பெண்மான் வந்தது. அதன் பின்னால் இரண்டு, பின்னால் ஏழெட்டு, பின்னால் வரிசையாக எல்லாம். கோயில் பிரகாரம் சுற்றுகிற கூட்டம்போல அவசரமில்லாமல் வந்தன. அவர் நொண்டி நின்றால் அவையும் நின்றன. நேற்று மூக்கில் அடிபட்ட மானும் கடைசியில் வந்தது. ஆனால் கால் வலியில் ரோலான் இருநூறு அடிக்கு ஒருதரம் உட்கார வேண்டியிருந்தது. பாதி வழியில் கட்டு கீழே சரிந்தது. மான்கள் அங்கேயே தோகையைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. அன்றைய சுற்று அவ்வளவுதான்.

“மாமா, கேளுங்க. இவர் எப்பவும் முன்னாலதான் போவாரா?”

ரோலான் இதென்ன கேள்வி என்பதுபோலப் பதில் சொன்னார். மாமா சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“‘பின்னால போனா மான் என்னைப் பாத்து ஏன் வரும்? புலின்னு நெனச்சு ஓடும்’ங்கறாரு.”

“அப்ப நேத்து ஏன் சொல்லல?”

இதற்கு ரோலான் கொஞ்சம் யோசித்தார். மாமா வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார்: “‘மாம்செல் படிச்சவங்க. காகிதத்துல பின்னாலன்னு இருந்துது. மனுசனுக்கு ஒரு வழக்கம், மெஷினுக்கு ஒரு வழக்கம் இருக்கும்போல, நமக்குத் தெரியலன்னு நெனச்சுட்டேன்.’ அவ்வளவுதானம்மிணி. மரியாதைக்குப் பேசாம இருந்திருக்காரு.”

அங்கிருந்த ஒரு கல் மேட்டின் மேல் உட்கார்ந்து இருபத்திரண்டு அம்சங்களையும் கிழித்தேன். மாமாவின் ஷூவுக்குள் பனி இறங்கி, நடக்கும்போது சளக் சளக் என்றது. அவர் அதைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருக்கும் நேரத்தில் புதுப் பட்டியல் தயார். ஐந்தே அம்சம். மனிதன் நடக்கிற வேகத்தில் தொடர்ந்து போக வேண்டும். சத்தம் குறைவாக இருக்க வேண்டும். பின்னால் தோகைக் கட்டு தாழ்வாக, சரியாமல் உட்கார வேண்டும். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது காலுக்கு வேலை இருக்கக்கூடாது.

பண்ணை போனிலிருந்து ஜெராரைக் கூப்பிட்டேன். “சிவப்பை எடுத்துட்டுப் போயிட்டு, பச்சையைக் கொண்டு வாங்க.”

“மாம்செல், அது மெதுவா போகும்!”

“எவ்வளவு மெதுவா போகும்னு சொல்லுங்க, அதுதான் வேணும்.”

“மெதுவா போறதுக்கா மனுசங்க மோட்டார் வாங்குவாங்க?” என்றார். ஆனாலும் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார்.

ஜெரார் சிவப்பை ஏற்றிக்கொண்டு போவதற்கு முன் அதையும் பச்சையையும் அருகருகே சோதித்தேன். இரண்டு வேலிக் கம்பங்களுக்கு இடையே கால் நன்றாக இருந்தபோது ரோலான் நடந்த நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மதாமை நடக்கச் சொல்லிக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டேன். மதாம் ரோலானைப்போலவே தோளைச் சாய்த்து நடந்து காட்ட, ரோலானே வாய்விட்டுச் சிரித்தார். சிவப்பு, எவ்வளவு அடக்கினாலும் அந்த நடையை முந்திக்கொண்டு துள்ளியது. பச்சையில் ஒரு கை நெம்புகோல் உண்டு. அதை வேகம் குறைக்கும் தாழ்நிலைக்குத் தள்ளி முதல் கியரில் விட்டால், வண்டி மதாமின் பக்கத்திலேயே தோழிபோல நடந்து வந்தது! நான் கைதட்டிவிட்டேன். கியர் மிதியையும் ஏறுவதற்கு முன்பு கையாலேயே தட்டிப் போட்டுவிடலாம். சுற்று முடிகிறவரை மாற்ற வேண்டியதே இல்லை. வலது பக்கத்திலிருந்து, நல்ல காலை ஊன்றி, மடங்காத காலை மேலே வீசி ஏறப் பழக்கினேன். மூன்றாம் முறை ரோலானே அதில் ஒரு ஒயிலைச் சேர்த்துவிட்டார்.

குறையையும் மதாமிடம் சொன்னேன். “இதுக்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். கட்டு பின்னால இருக்கறதால பிடிப்பு கிடைக்கும். ஆனா பலத்த மழையில மேலச் சரிவுக்குப் போகக்கூடாது. சுமை அளவுக்கு மேல ஏத்தக்கூடாது. தலைக்கவசம் கட்டாயம்.”

ரோலான் ஓலைத் தொப்பியைத் தொட்டுக்கொண்டு ஏதோ கேட்டார். “தலைக்கவசத்துக்கு மேல இதப் போட்டுக்கலாமான்னு கேக்கறாரு” என்றார் மாமா.

மான்களுக்கு எஞ்சினைப் பழக்குவதுதான் மிச்சம். அன்று சாயங்காலம் தோகை போடுகிற இடத்தில் பச்சை வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டோம். மந்தை தூரத்தில் நின்று முறைத்தது. வெள்ளிக்கிழமை காலை பாதி தூரம் வந்தது. இடைவேளையில் மதாம் வீட்டில் கத்தோ பிமான் சுட்டுக் கொடுத்தார்கள். நம் பருப்பு வடையேதான். ஆனால் அதை ரொட்டிக்குள் வெண்ணெய் தடவி வைத்துத் தின்கிறார்கள். மாமா ஐந்து, நான் ஆறு. சாயங்காலம் ஒரு மான் வண்டியை நெருங்கி, சூடான புகைக் குழாயை மோந்து பார்த்துத் துள்ளிக் குதித்தது. ஆனால் ஓடவில்லை. தோகையைத் தின்னத் திரும்பி வந்தது.

சனிக்கிழமை காலை வெயில் பளிச்சென்று இருந்தது. ஜெராரும் வந்திருந்தார், ஆர்வம் தாங்காமல். ரோலான் கியரைக் கையால் தட்டினார், காலை வீசி ஏறினார், தலைக்கவசத்தின் வாரை இறுக்கினார். பின்னால் இரண்டு கட்டுத் தோகை. கதவைத் திறந்தோம்.

“வினி, வினி, வினி.”

வண்டி நகர்ந்தது. எதுவும் நடக்கவில்லை. மதாம் கையைக் கட்டிக்கொண்டார். மாமா வாய்க்குள் ஏதோ முருகன் பாட்டை முணுமுணுத்தார். பத்தடி, இருபதடி. அந்த வயதான பெண்மான் தலையைத் தூக்கியது. ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு வந்தது. பின்னால் இரண்டு, ஏழெட்டு, பின்னால் வெள்ளம்போல எல்லாம். நான் எண்ண ஆரம்பித்து, எழுபதுக்கு மேல் கண் கலங்கி விட்டுவிட்டேன்.

அடுத்த அடைப்பின் கதவு திறந்தே இருந்தது. அதற்குள் நுழைந்துவிட்டால் சோதனை முடிந்தது. ரோலான் நுழையவில்லை. கதவைத் தாண்டி, கல் மேடுகளுக்கு நடுவே போகும் தடத்தில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார்.

“எங்க போறார்? கதவு இங்கதானே இருக்கு!” என்று மதாம் நாலடி ஓடினார். பிறகு நின்றுவிட்டார். “ஆத்தோர அடைப்பு” என்றார். “அங்கதான் நல்ல புல்லு. அவர் விழுந்ததுலருந்து யாரும் மானை அங்க கூட்டிட்டுப் போகல.”

ரோலான் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் எல்லாம் வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

“ஹோட்டலுக்குப் போன் பண்ணணும்” என்றார் மதாம். “வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லணும்.” சொன்னாரே தவிர, இடத்தை விட்டு அசையவில்லை. எஞ்சின் சத்தம் அடங்கி, கடைசி மானின் வால் வளைவில் மறைகிறவரை நாங்கள் நாலு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.